காரணம் என்ற கட்டம்

அந்த நோட்டில் ஒரு வாக்கியம்கூட இல்லை. பக்கம் பக்கமாக எண்கள்தான். நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். அடுத்த வரியில் மறுபடி நான்கு எழுத்து, ஏழு இலக்கம். ஒவ்வொரு வரியிலும் கடைசி இலக்கத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கட்டம். சில இடங்களில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் குடியிருப்பவர்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும், இது கன்டெய்னர் நம்பர். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர்களில் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் இப்படி ஒரு நம்பர் இருக்கும். கடைசி இலக்கம் மட்டும் கட்டத்துக்குள் இருக்கும். முன்னால் உள்ள பத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் இந்தப் பதினொன்றாவது வரவேண்டும். வராவிட்டால் எழுதியவர் எங்கோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம். உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

நோட்டுக்குச் சொந்தக்காரனுக்கு வயது 22. கன்டெய்னர் யார்டில் வேலை. அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாதது அல்ல; யார்டில் சேர்ந்த புதிதில் மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் ஒருநாள் ராத்திரி அம்மாவை எழுப்பிக் கேட்டான்: “இன்னாத்துக்குமா அந்த ஒத்த நம்பருக்கு மட்டும் கட்டம் கட்டிக்கீறாங்க? எனக்குக் காட்டறதுக்குத்தான். யாருகிட்டயும் சொல்லிடாத.”

இவனை ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தக் கடலோரத்தில் பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரே வீட்டுக்குள் வைத்துச் சொல்கிறேன். அம்மா, மகன் என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம்.

முதலில் போனது தூக்கம். பிறகு செல்போனைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தான். சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்: “இன்னாமோ கலந்துகீற.” எதிர்வீட்டுக்காரர், “பொட்டலம் அடிச்சா இப்படித்தான், நாலு சாத்து சாத்தினா தெளிஞ்சிடும்” என்றார். பெரியம்மா, காத்துக் கருப்பு என்று தாயத்து கட்டிவிட்டாள். பட்டினத்தார் சமாதி இருக்கிற ஊர் திருவொற்றியூர். எதுவும் பேசாமல் மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, “சாமியாரு ஆயிட்டான் போலக்குது” என்று சிரித்தவர்களும் உண்டு. மூன்று வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: “இது கஞ்சாவால வந்ததா சார், இல்ல மென்ட்டலா?”

இந்தக் கேள்வியை இந்த வட்டாரத்தில் கேட்காத குடும்பம் இல்லை. அதற்குள் ஒரு வேண்டுதல் ஒளிந்திருக்கிறது. கஞ்சா என்று சொல்லிவிட்டால் நல்லது, அதை விட்டால் சரியாகிவிடும், பெண் கேட்கும்போது மறைக்க வேண்டியதில்லை. மென்ட்டல் என்றால் கீழ்ப்பாக்கம். ஒரு பேட்டையின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த வசை நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது வேறு எந்தக் காரணமானாலும் சரி என்று தோன்றுவது இயல்புதான்.

கேள்விக்கு விடை உண்டு. ஆனால் அன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது.

*

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது நின்று பாருங்கள். ஐஸ் உடைக்கிற சத்தம், மீன்பாடி வண்டி, விசைப்படகு இன்ஜின், ஒரே நேரத்தில் பத்து ஏலக்காரர்களின் கத்தல். புதிதாக வருகிறவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். ஆனால் அந்த அம்மாவின் காதில் வஞ்சிரத்தின் விலை மட்டும் தனியாக விழும். மற்றவை காதில் விழாமல் இல்லை. மூளை அவற்றை ‘தேவையில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறது. எது முக்கியம், எது இல்லை என்று சத்தங்களுக்கும் முகங்களுக்கும் முத்திரை குத்தும் வேலையில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த முத்திரை கண்டபடி விழ ஆரம்பித்தால் என்ன ஆகும்? போகிற வருகிற டிரெய்லரின் நம்பர் மீது ‘இது உனக்குத்தான்’ என்று விழும். டீக்கடையில் திரும்பிப் பார்த்தவர் முகத்தில் விழும். மனதுக்குள் ஓடுகிற சொந்த எண்ணம்கூட யாரோ பேசுவதுபோல் கேட்கும். இத்தனை முத்திரைக்கும் ஒரு காரணம் வேண்டுமே. மூளை உட்கார்ந்து ஒரு கதை கட்டுகிறது. போலீஸ் பின்தொடர்கிறது, சோற்றில் மருந்து இருக்கிறது, துறைமுகத்திலிருந்து சேதி வருகிறது. மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். சைக்கோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையை, அதாவது வெளியே நடப்பதையும் மூளை உள்ளே உண்டாக்குவதையும் பிரித்தறிய முடியாமல் போவதை, இவ்வளவு எளிமையாக வேறு யாரும் விளக்கி நான் படித்ததில்லை.

கட்டுகிற கதைக்குச் சரக்கு சொந்த ஊரிலிருந்துதான் கிடைக்கும். எண்ணூரில் ஒருவர் “ராத்திரியில விஷக்காத்து வுடறாங்க” என்று சொன்னால் உடனே மருட்சி என்று எழுதிவிட முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடிய இடம் அது. ஊர் தெரிந்த டாக்டர் இங்கே ஒரு கேள்வி அதிகமாகக் கேட்பார்: “எல்லாருக்கும் வுடறாங்களா, ஒனக்கு மட்டுமா?”

மெத்தாம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கப்பொருள்கள் நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் டோபமைனை ஒரேயடியாக வெளியே தள்ளிவிடுகின்றன. கஞ்சா வருகிற வழி வேறு. அதன் போதைக்குக் காரணமான டி.எச்.சி.யை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷோலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது போய் ஒட்டுகிற ஏற்பி 1988-இல் அடையாளம் காணப்பட்டது. பூட்டு இருக்கிறதென்றால் உடம்புக்கென்று ஒரு சாவி இருந்தாக வேண்டும். 1992-இல் அதுவும் கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. நம்முடைய ஆனந்தம்தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நரம்புகள் அளவுக்கு மீறிப் பேசும்போது தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஒரு நொடி பிரேக் போடுவது அதன் வேலை. கஞ்சா எல்லாப் பிரேக்கையும் ஒன்றாகச் சேர்த்து மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து பதினாறு வயதில், மூளை தன் இணைப்புகளை இன்னும் ஒழுங்கு செய்துகொண்டிருக்கும்போது, இதைத் தினமும் செய்வது வேறு, நாற்பது வயதில் எப்போதாவது செய்வது வேறு.

அப்படியென்றால் இழுக்கிற எல்லோருக்கும் வரவேண்டுமே? வருவதில்லை. பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. “நானும்தான் இருபது வருஷமா அடிக்கிறேன், எனக்கு இன்னா ஆச்சு” என்று கேட்கும் மாமா எல்லாத் தெருவிலும் இருக்கிறார், அவர் பொய் சொல்லவில்லை. ஸ்வீடனில் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1987-இல் வெளியானது. சேரும்போதே ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சிதைவு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. ஆறு மடங்கு என்றாலும் நூற்றில் சிலர்தான். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே நெற்றியில் எழுதியிருப்பதில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருக்கிறதா, எந்த வயதில் தொட்டான், தினமும் உண்டா, சரக்கு எவ்வளவு வீரியம் என்பவை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

*

“கஞ்சாவால வந்ததா?” என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஒரு தனி வரலாறு உண்டு. 1893-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்பி, இந்தியக் கஞ்சாப் பொருள்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. மதராஸ் உட்பட மாகாணம் மாகாணமாகச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. இந்தியாவின் மனநோய் விடுதிகள் கஞ்சாக்காரர்களால் நிரம்பி வழிகின்றன என்பது அன்றைய பரவலான நம்பிக்கை. விடுதிகளின் பதிவேடுகளே அதற்குச் சான்று என்றார்கள். ஆணையம் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தது. 1892-இல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்கு நேரே, காரணம்: கஞ்சா.

அடுத்து ஆணையம் செய்த காரியம், நூற்றிமுப்பது ஆண்டு கழித்துப் படித்தாலும் மரியாதை வரவழைப்பது. அந்த 222 பேரின் ஊர்களுக்கும் விசாரணையை அனுப்பியது. குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் கேட்டு ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்ததில், கஞ்சாவுக்குப் பங்கிருக்கலாம் என்று ஓரளவு நியாயமாகச் சொல்லக்கூடியவை 98 மட்டுமே. அதிலும் கஞ்சா மட்டும்தான் காரணம் என்று கொள்ளத்தக்கவை 61. மற்றவர்கள் நேரே அந்தச் சொல் எப்படி வந்தது? படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு பத்தி இருந்தது, அதை வெறுமையாக விடக்கூடாது. தெருவில் பிடித்த போலீஸ்காரர் ஏதோ ஒன்றை எழுதினார். கஞ்சா என்பது கைக்கெட்டிய பதில். விடுதியில் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் பத்திகளின் கூட்டுத்தொகையே பிறகு அரசாங்கப் புள்ளிவிவரம் ஆயிற்று.

கஞ்சா பாவமறியாது என்று ஆணையம் சொல்லவில்லை. அளவோடு பயன்படுத்துகிறவர்களுக்கு மனக்கேடு வருவதாகத் தெரியவில்லை, அளவு மீறியவர்களுக்கு, அதுவும் ஏற்கெனவே பலவீனமோ பரம்பரைச் சாய்வோ உள்ளவர்களுக்கு வரலாம் என்றது. மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வும் சுற்றிவளைத்து அங்கேதான் வந்து நிற்கிறது.

அந்தப் பத்தி இன்னும் நம் தலைக்குள் இருக்கிறது. நிரப்புகிற ஆள்தான் மாறியிருக்கிறார். கஞ்சா என்று எழுதி, “கொழுப்பெடுத்து ஆடறான்” என்று ஸ்டேஷனில் உட்காரவைக்கிறவர் ஒருபக்கம். கஞ்சா என்று எழுதி, “அப்போ விட்டா சரியாயிடும்” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிற வீட்டார் மறுபக்கம். இரண்டிலும் நோயாளிக்கு வைத்தியம் போய்ச் சேருவதில்லை. சிறுநீர்ச் சோதனையாவது தீர்த்துவைக்குமா என்றால் அதுவும் இல்லை. தினம் பிடித்தவரின் சிறுநீரில் நிறுத்தி வாரக்கணக்கான பிறகும் கஞ்சாவின் சுவடு இருக்கும். உள்ளே போயிருக்கிறது என்று அது சொல்லும், இதுதான் செய்தது என்று சொல்லாது.

*

போதை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. இந்தப் பகுதி எண்பதுகளின் கடைசியில் பிரவுன் சுகரையும் அதற்குப் பின் ஊசியையும் பார்த்த பகுதி. இப்போது செய்திகளில் அடிபடுவது டேபென்டடால் வலி மாத்திரை. மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிற பையன்களின் கை புண்ணாகிறது, ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் ஏறுகின்றன, மூச்சே நின்றுபோகலாம். ஆனால் சந்தேகமும் மாயக்குரலும் இந்த வகை மருந்துகளில் அபூர்வம். மாத்திரை மட்டும்தான் என்று சொல்லும் பையனுக்குக் குரல் கேட்கிறது என்றால் கூட வேறு எதுவோ போயிருக்கிறது, அல்லது ஏதோ நின்றிருக்கிறது.

நின்றால் வருவது தனி ரகம். நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரையையோ நாள்பட்ட குடியையோ சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, வலிப்பு வந்து, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தேதி தெரியாது, எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. இது சைக்கோசிஸ் அல்ல. டெலிரியம் என்று பெயர், உயிருக்கே ஆபத்து. கன்டெய்னர் நம்பரை எழுதிய பையனுக்குத் தேதி, கிழமை, அம்மா வாங்கிய கடன் எல்லாம் துல்லியமாகத் தெரியும், கட்டத்தின் அர்த்தம் மட்டும்தான் தவறு. குழப்பம், காய்ச்சல், வலிப்பு, தலையில் அடி இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் மனநலப் பிரிவுக்கு முன்னால் அவசர சிகிச்சைப் பிரிவு.

மெத் பற்றி ஜப்பான் நமக்கு முன்னால் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மீந்துபோன ராணுவக் கையிருப்பு ‘ஃபிலோபான்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1951-இல் தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. அங்கே டாக்டர்கள் கவனித்த ஒன்று: ஒரு தடவை சைக்கோசிஸ் வந்து தெளிந்தவர், மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு தடவை சிறிதளவு எடுத்தாலும் பழைய சந்தேகம் அதே உருவத்தில் திரும்பி வந்தது. சிலருக்குத் தூக்கம் கெட்டதே போதுமானதாக இருந்தது. மூளை வழி பழகிக்கொள்கிறது.

*

அந்த ராத்திரிக்கு வருவோம். மகன் கதவோரம் நிற்கிறான், வெளியே போக வேண்டும் என்கிறான், டிரெய்லர் வருகிறதாம். அம்மா என்ன சொல்ல வேண்டும்?

“அதெல்லாம் ஒண்ணுமில்லடா, ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு” என்றால் அம்மாவும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவாள். “ஆமாண்டா, எனக்கும் தெரியுது” என்றால் கதை கெட்டிப்படும். நடுவில் ஒரு வழி இருக்கிறது: “எனக்குத் தெரியலடா. ஒனக்குத் தெரியுதுன்னா பயமாத்தான் இருக்கும்.” நம்பரைப் பற்றி வாதாடாமல் பயத்தோடு மட்டும் பேசுவது. பயம் நிஜம். டிவியை அணைத்துவிட்டு, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, கதவுக்கும் அவனுக்கும் குறுக்கே நிற்காமல், அரிவாள்மனையையும் மீன் வெட்டுகிற கத்தியையும் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிட்டு.

ஆஸ்பத்திரிக்கு அழைக்கும்போது “ஒனக்கு மூளைக்கோளாறு, வா” என்றால் எவனும் வரமாட்டான். அவனுக்கே தெரிகிற தொல்லை ஒன்று எப்போதும் இருக்கும். “நாலு நாளா தூங்கல, ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? தூக்கத்துக்கு மருந்து வாங்கிட்டு வருவோம் வா.” இது ஏமாற்று வேலை இல்லை, தூக்கம் வரவழைப்பது வைத்தியத்தின் முதல் படியே. மாறாக, மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலப்பது வேண்டவே வேண்டாம். சோற்றில் மருந்து கலக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவனுக்கு அதையே செய்து, அவன் ஒருநாள் கண்டுபிடித்தும்விட்டால், பிறகு எந்தக் கையிலிருந்து எதை வாங்குவான்?

போகும்போது காலி மாத்திரை அட்டை, பொட்டலக் காகிதம், சொலுஷன் டியூப் எது கிடைத்தாலும் கூட எடுத்துப்போக வேண்டும். கடைசியாக எப்போது, என்ன, எவ்வளவு என்பதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. எல்லா அம்மாக்களும் இங்கேதான் தயங்குகிறார்கள்: “போலீஸ்ல சொல்லிடுவாங்களா?” மனநலச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு; பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்குத் தொடராமல் விடலாம். அந்தப் பிரிவு எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

வர மறுத்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனக்கோளாறையும் மனநோய் என்றே கொள்கிறது. அவசரத்தில் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை தரலாம். அதற்குமேல் தேவையென்றால், நோயாளியின் பிரதிநிதி எழுதிக்கொடுக்க, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, முப்பது நாள்வரை சேர்க்கலாம். கட்டிப்போட்டு அடைக்கும் இடங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. சங்கிலி போடுவது எந்த வடிவிலும் தடை. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகிப்போனதை மறந்துவிட்டவர்கள்தான், பதிவில்லாத ‘மறுவாழ்வு இல்லங்க’ளிலிருந்து ஆள் வந்து பையனைத் தூக்கிப்போகச் சம்மதிக்கிறார்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் குரல் மாறினால் வேறிடம் பாருங்கள்.

வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்டான்லி. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். அங்கே மனநலப் பிரிவு உண்டு. எல்லா நோயாளிகளும் வரும் பொது மருத்துவமனை என்பதால், பார்த்தவர் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். வெட்கம் பார்க்கிற குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் அல்ல. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கிய நிறுவனம், 1871-இலிருந்து இப்போதைய இடத்தில் இருக்கிறது. 1961-இலிருந்து பதினேழு ஆண்டு அதை நடத்திய சாரதா மேனன், அடைத்துவைக்கும் இடம் என்ற அதன் உருவத்தை மாற்றப் பாடுபட்டவர், பிறகு 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கியவர். அடையாற்றில் டி.டி.கே. மருத்துவமனை 1980-இலிருந்து போதை மீட்புக்கென்றே இருக்கிறது. ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416; தமிழிலேயே பேசலாம், காசில்லை.

*

சேர்த்த மறுநாள் அம்மா பார்த்தது, மகன் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்ததை. மூன்றாம் நாள் கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, கண் மேலே செருகியது. அலறிவிட்டாள். டோபமைனைத் தடுக்கும் ஊசி மருந்து சிலருக்குத் தசையை இப்படி முறுக்கும். அதற்கு மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே அடங்கிவிடும். இதை முதலிலேயே சொல்லிவைத்திருந்தால் பாதி அலறல் மிச்சம். வீட்டுக்குப் போன பிறகு இப்படி நடந்து, “விஷத்தைக் குடுத்துட்டாங்க” என்று மாத்திரையையெல்லாம் கால்வாயில் கொட்டிய குடும்பங்கள் இருக்கின்றன. வேறு சில மாத்திரைகளில் பசி கூடி உடம்பு பெருக்கும், பகலெல்லாம் தூக்கமாக வரும். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், மருந்தையே மாற்றுவார்.

இரண்டு வாரத்தில் குரல்கள் தணிந்தன. “இப்போவாவது சொல்லுங்க சார்” என்றாள் அம்மா.

டாக்டர் சொன்னதன் சாரம் இது. போதை உடம்பைவிட்டுப் போய் ஒரு மாதத்துக்குள் எல்லாம் தெளிந்துவிட்டால் போதையால் வந்தது என்று சொல்ல இடம் உண்டு. அதற்குமேல் நீடித்தால் அடியில் வேறு நோய் இருக்கலாம். தெளிந்துவிட்டாலும் கணக்கு முடிவதில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான கட்டுரை ஒன்றின்படி, போதை சைக்கோசிஸ் என்று எழுதப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு என்று மாற்றி எழுத வேண்டிவந்தது. கஞ்சாவுக்கு மூன்றில் ஒருவர். குடியில் பத்தில் ஒருவர்தான். கஞ்சாவால் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அப்படி ஆகவில்லை என்பதும் அதே கணக்குத்தான். இவன் எந்தப் பக்கம் என்பதை மாதாமாதம் ஓ.பி.க்கு வந்து, கஞ்சாவைத் தொடாமல், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் இருந்து, காலத்தை வைத்துத்தான் பார்க்க முடியும்.

அம்மாவுக்கு இது பதிலாகவே படவில்லை. எனக்கும் முதலில் கேட்டபோது நழுவல் மாதிரிதான் இருந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். சில பக்கங்களில் மூலையில் தேதி இருந்தது. முதல் தேதி டிசம்பர் 9.

“போன வருஷம் மலைக்கு மாலை போட்டிருந்தானாம்மா?”

“போட்டான் சார். கார்த்திகை ஒண்ணாந்தேதி. ஜனவரிக்கு மொத வாரம் போயிட்டு வந்தாங்க.”

“மாலை போட்டிருந்தப்போ கஞ்சா?”

“தொடவே இல்ல சார். பீடிகூட இல்ல. கூடவே குருசாமி இருந்தாரு, கோயில்லயே படுத்துக்குவான்.”

“அப்போ எப்படி இருந்தான்?”

நல்லாத்தான் இருந்தான் என்று வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் விடியற்காலை பஜனை முடிந்து வந்தவன், மைக்கில் தன் பெயரைச் சொன்னார்களா என்று கேட்டான். இல்லடா சாமி என்றாள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, பாடு வந்த நேரமாதலால் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதை டாக்டரிடம் சொன்னாள். அவர் சீட்டில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தாள், அடுத்து வரவேண்டிய தேதி.